பட்டறைப் பதில்கள்: மான் ஏணி

போன மாத இதழில், மொட்டை மாடிக்கு இரும்பு ஏணி செய்வது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதும்போது, "அமெரிக்காவில் மான் சுடுவதற்கென்றே ஒரு ஏணி விற்கிறார்கள், அதில் நானும் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருக்கிறேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவைத்தேன். வந்தது வினை. கிரில் கேட்டுக்கு எத்தனை கிலோ கம்பி, ஷட்டர் ஏன் இழுக்கிறது என்று கேட்டு வரும் கடிதங்களை எல்லாம் மான் கடிதங்கள் முட்டித் தள்ளிவிட்டன. சரி, இந்த மாதம் அவற்றுக்கே பதில். ஷட்டர்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணாச்சி, என் தம்பி பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறான். ஆபீஸ் நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போகப் போகிறானாம். மரத்தில் சாய்த்துக் கட்டும் ஏணி ஒன்று வாங்கி, அதன் உச்சியில் உட்கார்ந்து போட்டோ அனுப்பியிருக்கிறான். உம்மா அதைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஏணி நல்லதா, கெட்டதா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.
— வாசகி, கீழக்கரை

முதலில் உம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். மரத்தில் ஏறி உட்காருகிற வகைகளில் ஏணிதான் ஓரளவு பத்திரமானது. அந்த 'ஓரளவு' என்ற சொல்லை மட்டும் கத்தரித்துத் தம்பிக்கு அனுப்புங்கள்.

நான் அங்கே போனது 2019-இல். மகள் வீடு ஹாரிஸ்பர்க் பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், ஏறக்குறைய என் வயது, என்னைப் போலவே முழங்கால் சொன்ன பேச்சு கேட்காதவர். அவர் பேசுவது எனக்குக் கால்வாசி புரியும். நான் பேசுவது அவருக்கு அதுவும் புரியாது. ஸ்பேனர் இரண்டு பேருக்கும் புரிந்தது, சிநேகமாகிவிட்டோம். அங்கே துப்பாக்கியால் மான் சுடும் பருவம் நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகையை ஒட்டித் தொடங்கும். காலங்காலமாகப் பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமைதான் முதல் நாள். பல ஊர்களில் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே லீவு. நான் போன வருஷம்தான் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றியிருந்தார்கள். மனிதர் அதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினார். நம் பக்கம் எருதுகட்டுத் தேதியை மாற்றினால் பெரியவர்கள் எப்படிப் பேசுவார்களோ, அப்படி.

விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே காட்டுக்குள் போனோம். துப்பாக்கி எனக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கையில்லாச் சட்டையும் தொப்பியும் கொடுத்தார். மற்ற வேட்டைக்காரர்கள் நம்மை மான் என்று நினைத்துவிடக் கூடாது, அதற்கு. அப்புறம் டார்ச் வெளிச்சத்தில் அந்த ஏணியைக் காட்டினார். நான் ஏறுவதை மறந்து அதைத் தடவிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். தொழில் புத்தி.

மூன்று துண்டாக வரும் ஏணி. ஒன்றுக்குள் ஒன்று சொருகிப் பின் போட்டு நீட்டுகிறார்கள். உச்சியில் ஒரு மேடை, அதில் ஒரு இருக்கை, முன்னால் கை வைக்கவும் துப்பாக்கியைத் தாங்கவும் ஒரு குறுக்குக் கம்பி. மேடையின் பின்பக்கம் மரத்தைக் கவ்வப் பல் வைத்த தகடு. ஏணியின் நடுவிலிருந்து மரத்துக்கு ஒரு தாங்கி போகிறது. அது இல்லாவிட்டால் பாதி ஏறும்போது ஏணி வில்லாக வளையும். மேலே, லாரியில் சரக்குக் கட்டுகிற அதே ராட்செட் பெல்ட்டால் மேடையை மரத்தோடு இறுக்கியிருக்கிறது. கீழ்ப்பக்கம் இரண்டு பட்டைகள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகின்றன. உயரம் பெரும்பாலும் 15 முதல் 20 அடி வரை. ஒருவர் உட்காரும் ஏணி 300 பவுண்டு தாங்கும் என்று எழுதியிருக்கும், அதாவது 136 கிலோ. இருவர் உட்காருவதில் 500 பவுண்டு என்று போட்டிருந்தது. நாங்கள் இருவரும் குளிருக்குப் போட்ட உடுப்போடு சேர்ந்து எவ்வளவு இருப்போம் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏணியின் பெரிய நன்மை, அது ஏணி என்பதுதான். ஏறத் தெரியாதவன் யாரும் இல்லை. அங்கே வேறு வகைகள் உண்டு. மரத்தில் தனித்தனிப் படிகளைக் கட்டி ஏறி, ஒரு சின்ன மேடையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே மரத்தில் மாட்டுவது ஒன்று. பார்க்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. மரத்தைக் கவ்விக்கொண்டு நம்மோடேயே மேலே வரும் மேடை இன்னொன்று, அதைப் பற்றிக் கீழே நரிப்பையூர்த் தம்பிக்கு எழுதுகிறேன். இவை இரண்டுக்கும் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். ஏணியில் அறுபது வயதுக்காரனும் ஏறலாம், தொப்பைக்காரனும் ஏறலாம். இருவர் ஏணியில் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுக்கலாம். மேடை அகலம், காலை நீட்டலாம். மணிக்கணக்கில் அசையாமல் உட்காரும் வேலைக்கு இது சின்ன விஷயம் இல்லை. அசைந்தால் மான் பார்த்துவிடும்.

கெடுதல்களில் முதலாவது எடை. ஒற்றை ஏணியே 25 கிலோ பக்கம் வரும், இரட்டை ஏணி 45 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. நிமிர்த்த மூன்று பேர் வேண்டும். ஒருவர் அடியை மிதிக்க, இருவர் தூக்க. ஒற்றை ஆளாக நிமிர்த்துகிறவர்கள் உண்டு, அவர்களில் சிலர் ஏணியைத் தங்கள் மேலேயே நிமிர்த்திக்கொள்வதும் உண்டு. இரண்டாவது, வைத்த இடத்தில் வைத்ததுதான். மானுக்கு மூக்குதான் முதல் கண். காற்று நம் முதுகிலிருந்து மான் பக்கம் வீசினால், துரை சீட்டில் உட்கார்ந்து குளிர் காய்ந்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நம் கடற்கரையில் வாடையா, கொண்டலா, கச்சானா என்று பார்த்துத்தானே வள்ளத்தை இறக்குகிறார்கள்? அங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் காற்றுக்கு ஒன்று என்று இரண்டு மூன்று இடங்களில் ஏணி போட்டு வைக்கிறார்கள். ஏணி எடுத்துப் போய் மாற்றிப் போடுகிற சாமான் இல்லை. மூன்றாவது, காட்டில் அது பளிச்சென்று தெரியும். மானுக்கும் தெரியும், திருடனுக்கும் தெரியும்.

நான்காவது கெடுதல்தான் உம்மாவுக்குப் பயத்தைத் தந்தது, அதில் அவர் கணக்குச் சரி. விழுதல். ஆனால் எந்த இடத்தில் விழுகிறார்கள் என்று பாருங்கள். இருக்கையில் சும்மா உட்கார்ந்திருப்பவன் விழுவது குறைவு. ஏணியின் கடைசிப் படியிலிருந்து மேடைக்குக் காலை மாற்றும் இடம், மேடையிலிருந்து திரும்பி நின்று முதல் படியைக் காலால் துழாவும் இடம், அங்கேதான் விழுகிறார்கள். என் அப்பா பனையேறி. சாயல்குடிப் பக்கம் ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறி இறங்கியவர். நடுமரத்தில் அவருக்குப் பயமே கிடையாது. "கட்டிப்பிடித்த கை மரத்தை விட்டு மட்டையைப் பிடிக்கப் போகுது பாரு, அந்த ஒரு மூச்சுதான்டா எமன் மூச்சு" என்பார். பென்சில்வேனியாவில் அந்த இருட்டில், ஏணியின் உச்சிப் படியில், எனக்கு அப்பா குரல்தான் கேட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு வழி வைத்திருந்தார். மரத்தின் மேலே, தலைக்கும் மேலான உயரத்தில், ஒரு தடித்த கயிற்றைக் கட்டி அடிவரை தொங்கவிட்டிருந்தார். அதில் மெல்லிய கயிற்று வளையம் ஒன்றை மூன்று சுற்றுச் சுற்றிய முடிச்சு, ப்ரூசிக் என்று பெயர். கையால் தள்ளினால் ஏறும், இறங்கும். பாரம் விழுந்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். செல்போன் டவர் ஏறுகிறவர்கள் போடுவார்களே, தோள், மார்பு, தொடை எல்லாம் வளைக்கும் ஹார்னஸ், அதைத் தரையிலேயே எனக்கு மாட்டி, அந்த முடிச்சில் கோத்துவிட்டார். தரையில் கோத்ததை மறுபடி தரைக்கு வந்துதான் கழற்றினோம். மேலே போய் உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்கிறேன் என்பது, கடலில் இறங்கிவிட்டு நீச்சல் படிக்கிறேன் என்பதற்குச் சமம். துப்பாக்கியைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு ஏறவில்லை. குண்டு போடாமல் கீழே வைத்து, மேலே போனபின் கயிற்றால் இழுத்துக்கொண்டார்.

தம்பியிடம் நான்கு விஷயம் கேளுங்கள். ஹார்னஸ் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறதா, உடம்பில் இருக்கிறதா? போன வருஷத்துப் பெல்ட்டா, புதுப் பெல்ட்டா? வெயிலும் மழையும் பட்ட பெல்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே நூல் செத்திருக்கும். அங்கே அணில் வேறு கடித்து வைக்கிறது. ஹார்னஸில் தொங்க நேர்ந்தால் காலை ஊன்றிக்கொள்ளக் கூடவே ஒரு பட்டை வரும், அதைப் பையில் வைத்திருக்கிறானா? அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கிச் சில நிமிஷங்களிலேயே மயக்கம் வந்துவிடலாம். கடைசியாக, எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகிறானா? இந்த நான்குக்கும் ஒழுங்கான பதில் வந்தால் உம்மா இரண்டு வேளைச் சோறு சேர்த்தே சாப்பிடலாம்.

இன்னொன்று. முதல்முறை வேட்டை உரிமம் வாங்க அங்கே பயிற்சி வகுப்பு முடித்துத் தேற வேண்டும். விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி விஷயத்தில் தனிச் சட்டம் உண்டு, முறையான வேட்டை உரிமம் கையில் இல்லாமல் நண்பனின் துப்பாக்கியைக்கூடத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த இறைச்சி ஹலாலா என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள் தாயே, வெல்டரிடம் கேட்காதீர்கள்.

அன்றைக்கு மான் கிடைத்ததா?
— ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள், ஊர் எழுதவில்லை

நான்கு மணி நேரம் உட்கார்ந்தோம். விரல் மரத்துப் போனது. கிழக்கு வெளுத்து வரும்போது மூன்று பெட்டைகள் வந்து, வாலை வெள்ளைக் கொடி மாதிரி தூக்கிக்கொண்டு ஓடின. அப்புறம் ஒரு இளங்கிடா வந்தது. அவர் பைனாகுலரில் வெகுநேரம் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தார். அந்த மாநிலத்தில் பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கக் கொம்பில் மூன்று முனையாவது இருந்தால்தான் சுடலாம். இதற்கு இரண்டுதான். ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு கொம்பு மான்தான் கணக்கு. ஃபிளாஸ்க்கில் இருந்த காபியைக் குடித்துவிட்டு இறங்கி வந்தோம். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. அவருக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஐயா, மிளகாய்த் தோட்டம் வைத்திருக்கிறேன். சீமைக்கருவேலங்காட்டிலிருந்து இரவில் மானும் பன்றியும் இறங்கிவிடுகின்றன. நீங்கள் சொன்ன ஏணியை நம் பட்டறையில் செய்து தர முடியுமா? என்ன விலை வரும்? இங்கே மானைச் சுட அனுமதி வாங்க முடியுமா?
— வாசகர், கடலாடி வட்டம்

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: முடியாது, அந்த நினைப்பையே விடுங்கள். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புள்ளிமான் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணை. சுட்டால்தான் வேட்டை என்று எண்ண வேண்டாம். கண்ணி வைப்பது, வலையில் பிடிப்பது, அதற்கு முயல்வதுகூட வேட்டைதான். 3 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பன்றிக்கு 2025-இல் அரசு ஒரு வழி சொல்லியிருக்கிறது, அதிலும் சுடுவது வனத்துறை ஆட்கள்தான். நீங்களும் நானும் இல்லை. வேலியில் கரண்டு விடும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். அதில் மானுக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சிக்குவார்.

காவலுக்கு உயரம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. அது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது இல்லை. நம் பரண் இருக்கிறதே. சங்கப் பாட்டில் தினைப்புனத்துப் பெண்கள் இதணத்தில் இருந்து கிளி ஓட்டுகிறார்கள், அதன் பேரன்தான் உங்கள் தோட்டத்துப் பரண்.

ஆனால் அந்த ஏணியை அப்படியே இங்கே செய்தால் உதவாது. அது சாய்வதற்குத் தடித்த, நேரான மரம் வேண்டும். உங்கள் தோட்டத்தில் இருப்பது உடைமரமும் கருவேலமும். குடை மாதிரி விரிந்த உடையில் எங்கே சாய்ப்பீர்கள்? பனையில் சாய்க்கலாமே என்பீர்கள். அமெரிக்காவில் மரம் பருத்துக்கொண்டே போவதால் வருஷா வருஷம் பெல்ட்டைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பட்டையை அறுத்துவிடும் அல்லது பெல்ட்டே தெறித்துவிடும். வளர்ந்த பனை பருக்காது, அந்தத் தொல்லை இல்லை. ஆனால் உருண்டையான வழவழ மரத்தில் ஏணியின் தலை பக்கவாட்டில் நழுவும். அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, விழுந்து தெரிந்துகொண்டேன்.

2011-இல் என் சொந்த மிளகாய்த் தோட்டத்தில் பனங்கைகளை வைத்து ஒரு பரண் போட்டேன். உயரம் 10 அடி. ஊருக்கெல்லாம் இரும்பு ஏணி செய்து கொடுக்கிறவன், எனக்குக் கட்டிக்கொண்டது மூங்கில் ஏணி. அதன் தலையைப் பக்கத்துப் பனையில் தேங்காய்க் கயிற்றால் கட்டியிருந்தேன். ஆறு மாதம் வெயிலிலும் உப்புக் காற்றிலும் கயிறு வெந்து கிடந்ததை நான் பார்க்கவில்லை. விடியற்காலை, தூக்கக் கலக்கம், முதல் படியில் காலை வைத்தேன், ஏணி போன திசை வேறு, நான் போன திசை வேறு. குதிகால் எலும்பு மூன்று துண்டு. மூன்று மாதம் கட்டில். முதலில் காட்டிய இடத்தில் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து அனுப்பிவிட்டார்கள், பத்து நாள் கழித்துத்தான் எக்ஸ்ரே எடுத்தோம். அந்த வருஷம் மிளகாயை மான் பாதி, மூட்டைக்காரன் பாதி. நல்ல முண்டு மிளகாய், குண்டு குண்டாக, இப்போது புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறதே, அதேதான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது நாலு கால் நிலைமேடை. மரமே இல்லாத வெட்டவெளியில் அமெரிக்காவிலும் இப்படித் தனிக் காலில் நிற்கும் மேடைதான் போடுகிறார்கள், பெரும்பாலும் மூன்று கால். கரிசல் வெடித்தால் ஒரு கால் இறங்கும், அதனால் நமக்கு நாலு கால், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சதுர அடிக்கு பேஸ் பிளேட், அதற்குக் கீழே கான்கிரீட். உயரம் 8 அடி போதும். அவர்கள் 15 அடி ஏறுவது வாசனை மானின் தலைக்கு மேலாகப் போகட்டும், நம் அசைவு அதன் கண்ணில் படாதிருக்கட்டும் என்று. உங்களுக்கு மான் உங்களைப் பார்க்க வேண்டும், மோப்பம் பிடிக்க வேண்டும், பயந்து ஓட வேண்டும். ஒளிவது அவர்கள் தொழில், தெரிவது உங்கள் தொழில். தகர டின், நல்ல டார்ச், குரைக்கிற நாய் போதும்.

இரும்பு விஷயத்தில் கவனம். கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருந்தால் சாதா எம்.எஸ். பைப்பில், அதாவது பூச்சில்லாத இரும்புக் குழாயில், ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் போடுங்கள். அதிலும் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். அந்த இடங்களைத் தேய்த்து ஜிங்க் பெயிண்ட் இரண்டு கோட் கொடுக்க வேண்டும். பைப்பின் மேல்வாயை மூடி, அடியில் ஒரு சின்ன ஓட்டை விடச் சொல்லுங்கள், உள்ளே கோத்த தண்ணீர் வெளியே போக. துருப்பிடித்த பைப் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே ஓடாகிவிடும். சுத்தியால் லேசாகத் தட்டிப் பாருங்கள், கணீர் என்றால் இருக்கிறது, டப் என்றால் போய்விட்டது. ஏணியை மேடையோடு போல்ட் போட்டுப் பிணைத்துவிடுங்கள், சாய்த்து வைக்கவே வேண்டாம். மேடைக்கு மேலே மூன்றடிக்குக் கைப்பிடிக் கம்பி நீட்டி விடுங்கள். படியிலிருந்து மேடைக்கு மாறும்போது கை பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு இல்லாமல் போனது அதுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கினால் முதலில் நீங்கள் இறங்குங்கள். பொட்டல் வெளியில் இரும்பு மேடை, அதன் உச்சியில் நீங்கள். இடிக்கு முகவரி எழுதிக் கொடுத்த மாதிரி.

விலையை இங்கே எழுத மாட்டேன். இரும்பு விலை இதழ் அச்சாகி வருவதற்குள் மாறிவிடும்.

தாத்தா, மான் மேலே பார்க்காது என்று சொல்கிறார்களே, உண்மையா?
— ஏழாம் வகுப்பு மாணவி, முதுகுளத்தூர்

பார்க்கும் பாப்பா. மேலே சத்தம் கேட்டால் நன்றாகத் தலையைத் தூக்கிப் பார்க்கும். கண் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலே சுற்றிலும் பெரும்பகுதி அதற்குத் தெரியும். ஆரஞ்சு நிறம் மட்டும் நமக்குத் தெரிகிற மாதிரி பளிச்சென்று தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். அதனால்தான் வேட்டைக்காரர்கள் ஆரஞ்சு போட்டுக்கொண்டும் தப்பித்துவிடுகிறார்கள். நீல ஜீன்ஸ் போட்டால் தப்பிக்க முடியாது.

எங்கள் அப்பா இன்னும் பனை ஏறுகிறார். அமெரிக்காவில் மரத்தோடு மேலே ஏறும் மேடை இருப்பதாக எங்கேயோ படித்தேன். பனைக்கு அது ஆகுமா? அப்பாவுக்கு வாங்கித் தர ஆசை.
— வாசகர், நரிப்பையூர்

தம்பி, அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பனையேறியைப் பார்த்து யாரோ இரும்பில் வார்த்த மாதிரி இருந்தது. மேல் துண்டு, கீழ் துண்டு என்று இரண்டு. மேல் துண்டில் கைகளை ஊன்றிக்கொண்டு, கீழ் துண்டைக் காலால் தூக்கி மரத்தில் கவ்வவிட வேண்டும். பிறகு எழுந்து நின்று மேல் துண்டை உயர்த்த வேண்டும். மறுபடி கால். அப்பா காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு, கையால் மரத்தைக் கட்டி, காலை மடக்கி உன்னுகிறாரே, அதே கணக்கு. கிளையில்லாத நேர் மரத்தில் மட்டும்தான் ஏறும். அங்கே அப்படி மரம் தேடி அலைகிறார்கள். நம் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் அதுதானே நிற்கிறது.

ஆனாலும் வாங்க வேண்டாம். அது ஒரு மரத்தில் மெதுவாக ஒருமுறை ஏறி, அரை நாள் உட்கார்ந்து, ஒருமுறை இறங்குகிறவனுக்கானது. அப்பா ஒரு மரத்தில் கலயத்தை இறக்கி, பாளை சீவி, சுண்ணாம்பு தடவி இறங்க எத்தனை நிமிஷம் எடுப்பார் என்று உங்களுக்கே தெரியும். பத்துக் கிலோ இரும்பை மரத்துக்கு மரம் கட்டி அவிழ்த்தால் பத்து மரம் முடிவதற்குள் பதநீர் புளித்துவிடும். பாளைக்குள் போகிற இடத்தில் கருக்கு மட்டை தடுக்கும், அங்கே அந்த மேடையை விட்டு வெளியே வந்தே ஆக வேண்டும். மறுபடியும் அதே எமன் மூச்சு.

அதற்குப் பதில் அவர்களிடமிருந்து கயிற்றை மட்டும் கடன் வாங்கலாம். மின்வாரியத் தொழிலாளி கம்பத்தில் ஏறும்போது இடுப்பிலிருந்து கம்பத்தைச் சுற்றி ஒரு பட்டை போட்டிருப்பார், பார்த்திருப்பீர்கள். மேலே போய், மட்டைக்குக் கீழே, மரத்தைச் சுற்றி அப்படி ஒன்றைப் போட்டு ஹார்னஸில் கொக்கியை மாட்டிக்கொண்டு பாளை சீவினால், கை தவறினாலும் மரத்தில் தொங்குவார், தரைக்கு வர மாட்டார். மட்டையில் மட்டும் மாட்ட வேண்டாம். காய்ந்த மட்டை எப்போது கழலும் என்று மரத்துக்கே தெரியாது. அப்பா இதற்குச் சம்மதிக்க மாட்டார், என் அப்பாவும் சம்மதித்திருக்க மாட்டார். கயிறு கட்டினால் அவமானம் என்பார்கள். கேட்டுப் பாருங்கள். பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்றும் கூடவே கேட்டுவிடுங்கள், அதற்காவது தலையாட்டுவார்.

பறவை பார்ப்பதும் படம் எடுப்பதும் என் பொழுதுபோக்கு. தேர்த்தங்கலிலோ சித்திரங்குடியிலோ இப்படி ஒரு ஏணியைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நல்ல படம் கிடைக்குமே?
— வாசகர், பரமக்குடி

இரண்டும் பறவைகள் சரணாலயம் ஐயா. இரண்டுமே உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் உள்ளவை. அங்கே மரத்தில் ஏணி சாய்ப்பது இருக்கட்டும், குச்சி ஒடிப்பதற்கே வனத்துறையைக் கேட்க வேண்டும். கூடு கட்டியிருக்கிற கருவேலத்துக்குப் பக்கத்தில் மனிதத் தலை ஒன்று உயரே முளைத்தால் தாய்ப் பறவை எழுந்துவிடும், வெயிலில் முட்டை வெந்துவிடும். கரையில் குத்தவைத்து உட்காருங்கள். வெயிலுக்கு ஒரு துண்டு. கூழைக்கடா உங்களை ஒரு பொருட்டாகவே நினைக்காது.

காட்டில் விட்டு வைத்தால் ஏணியைத் திருட மாட்டார்களா?
— வாசகர், தொண்டி

திருடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் செயின் மாதிரி ஒன்றைப் போட்டுப் பூட்டியிருந்தார். பூட்டை அறுக்கிறவனும் அங்கே உண்டாம். உலகம் முழுக்க நம்ம ஊர்தான்.

ஒரு உயிரைக் கொல்வதற்கான கருவியை இவ்வளவு ரசித்து எழுதியிருக்கிறீர்களே, மனசு உறுத்தவில்லையா?
— வாசகி, ராமேஸ்வரம்

உறுத்தல் இருக்கிறது அம்மா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக்கு வரிசையில் நிற்கிற நான், உரிமம் வாங்கி, கொம்பு எண்ணி, ஒன்று சுட்டு, அதையே குளிர்காலம் முழுக்கத் தின்கிற மனிதனுக்கு உபதேசம் சொல்ல முடியாது. அங்கே மானைத் தின்ன ஓநாயும் பூமாவும் இல்லாமல் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ரோட்டில் காரில் அடிபட்டுக் கிடக்கிற மான்களை நானே பார்த்தேன். இங்கே கதை வேறு. இருக்கிற கொஞ்சம் புள்ளிமானும் கோடையில் தண்ணீருக்கு ஊருக்குள் வந்து நாய்களிடம் கடிபடுகிறது. அதனால் அங்கே சரி, இங்கே கூடாது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. மேலும், மான் பின்னால் போனால் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருவர் போனார், கடலில் பாலம் கட்டும் வரை இழுத்தது.

ஏணியை ரசித்தேன் என்பது உண்மை. வெல்டிங் அவ்வளவு சுத்தம்.

அண்ணாச்சி, நீங்கள் விழுந்த அந்தப் பரண் இப்போதும் இருக்கிறதா?
— வாசகர், சாயல்குடி

பனங்கையெல்லாம் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது. மூங்கில் ஏணியை வீட்டுக்காரி அடுப்பில் வைத்தார், என் கண் முன்னாலேயே, ஒவ்வொரு துண்டாக. மேடைப் பலகை மட்டும் மொட்டை மாடியில் கிடக்கிறது, அதில்தான் மிளகாய் காய்கிறது. அதைப் புரட்டிப் போடக்கூட என்னை மாடி ஏற விடுவதில்லை.